மீட்பு: திரும்பி வந்ததன் பெயர்

அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் விவசாய வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “நகையைத் திருப்பியாச்சா?” என்பதுதான். பேச்சில் ‘திருப்புதல்’, எழுத்தில் ‘மீட்டல்’. அசலும் வட்டியும் கட்டி, அடகிலிருந்த சங்கிலியை வீட்டுக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் இந்தச் சொல்தான் கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவிலும் நிற்கிறது: மீட்பு.

‘மீள்’ என்றால் திரும்பு. அதன் பிறவினையே ‘மீட்டல்’. ‘மீண்டும்’ என்பதும் இந்த வேரில் கிளைத்ததே. பிறர் பொருளை விலைக்கு வாங்கலாம், மீட்க முடியாது. முன்பே தனதாயிருந்ததைத்தான் மீட்க முடியும். அந்த உரிமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எபிரேய மொழியின் ‘கோயேல்’ என்ற சொல்லிலும் இந்த உரிமை உண்டு. வறுமையால் ஒருவர் நிலத்தை விற்றாலோ, தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டாலோ, நெருங்கிய உறவினர் விலை கொடுத்து மீட்க வழிசெய்கிறது லேவியராகமம் 25ஆம் அதிகாரம். அந்த உறவினரே கோயேல். விவிலியக் கதையில் ரூத்துக்குப் போவாஸ் அப்படி வந்தவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ரூத்தின் கதையில் இச்சொல்லைச் ‘சுதந்தரவாளி’ என்றும், யோபு நூலில் ‘மீட்பர்’ என்றும் பெயர்த்தது. மூலத்தில் இரண்டும் ஒன்றே. மீட்பர் என்பவர் அந்நியரல்லர், சொந்தக்காரர்.

கிரேக்கத்தில் ‘லூட்ரோன்’ என்பது அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கத் தரும் பணம். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. அதனால்தான் அவர் கற்பித்த செபம் மத்தேயுவில் ‘கடன்கள்’ என்றும், லூக்காவில் ‘பாவங்கள்’ என்றும் நிற்கிறது. பாவம் கடனென்றால், மனிதன் அடகுப் பொருள்.

தமிழ்ச் சபைகளில் ‘இரட்சிப்பு’, ‘மீட்பு’ என இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது காத்தலைக் குறிக்கும் வடசொல். பழைய மொழிபெயர்ப்பில் பெத்லகேமில் பிறந்தவர் ‘இரட்சகர்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவர் ‘மீட்பர்’. காத்தல் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறது, மீட்டல் உறவைப் பற்றியும் பேசுகிறது.

சிலுவையில் இயேசு தந்த உயிரே மீட்பின் விலை என்றதும் இறையியலாளரிடையே ஒரு கேள்வி எழுந்தது: அதை வாங்கியவர் யார்? சாத்தான் என்றார் ஓரிகன். கொள்ளையனுக்கா விலை என்று மறுத்தார் நசியான்சு கிரகோரியார். கடவுளுக்குச் சேரவேண்டிய மாண்பைத் திருப்பிச் செலுத்தியதே அது என்றார் 11ஆம் நூற்றாண்டு முடிவில் ஆன்செல்ம்.

தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூல் ‘கரந்தை’ எனத் தனித் திணையாக்கியது. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. தொறு மீட்டு மாண்டவர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் செங்கம் பகுதியில் இன்றும் நிற்கின்றன. அங்கே கொள்ளையர் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. மந்தை ஊர் திரும்பியது, மீட்டவர் திரும்பவில்லை. அந்த உயிர்தான் விலை. ஆனால் அதை வாங்கியவர் என்று எவருமில்லை.

சிலுவையை விளக்க இதைவிட நெருக்கமான படிமம் எனக்குத் தெரியவில்லை. அடகுக் கடையில் கிடந்த நாளிலும் சங்கிலி அந்த வீட்டுடையதுதான். பாவத்தில் கிடந்த நாளிலும் மனிதன் கடவுளுடையவன்தான். ‘மீட்கப்பட்டேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, தான் என்றுமே அந்நியனாய் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே அறிக்கையிடுகிறார்.