பொட்டலில் வளர்ந்த அரங்கு

இலங்கை மலையக நாடக வரலாற்றை எழுத உட்காருகிறவர் முதலில் மண்டபத்தைத் தேடுவார். அட்டனிலும் நுவரெலியாவிலும் மண்டபங்கள் உண்டுதான். ஆனால் தோட்டத்து அரங்கு பிறந்தது லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே கிடந்த காமன் பொட்டலில். அங்கே ஆடிய காமன் கூத்துக்குப் பதிவேடு இல்லை, தலைவர் செயலாளர் இல்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாக மாசி தோறும் நடந்து வந்த ஒன்றை நிறுவனம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் கம்பம் ஊன்றுவார்கள். வைக்கோல் பிரி சுற்றிய அந்தக் கம்பம்தான் காமன் எனும் மன்மதன். வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். ரதியும் ஆண்தான். பௌர்ணமி இரவில் இருவரும் லயம் லயமாக ஆடி வர, பின்னால் தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொருவராக இறங்குவார்கள். சிவன் நெற்றிக்கண் திறக்கக் கம்பம் எரியும். ரதி ஒப்பாரி வைக்கும்போது சுற்றி நிற்கும் பெண்களும் அழுவார்கள். அவர்களுக்கு அழ வேறு காரணங்களும் இருந்தன. மூன்றாம் நாள் காமனை உயிரெழுப்புதல்.

இத்தனைக்கும் தாளம் தப்பு எனும் பறை. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, எழுப்பியதும் அதே தப்புதான். அதை அடித்தவர்களுக்குப் பொட்டலில் கிடைத்த மரியாதை கோயில் வாசலில் கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும். சாதி லயத்தையும் விடவில்லை, கூத்தையும் விடவில்லை.

  தோட்டத் துரைமாருக்குக் கூத்தின் பிரதியில் அக்கறை இல்லை. விடிந்ததும் ஆள் மலைக்கு வந்தால் போதும்.

பிரதியே வம்பாகும் என்று காட்டியவர் கோ. நடேசய்யர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து பார்த்தவர், 1931இல் அட்டனில் தொழிற்சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் பிழைப்பையே நாடகமாக எழுதினார். மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடிய பாட்டுகளைக் கேட்கவே கூட்டம் சேர்ந்தது. பின்னாளில் நாடகக்காரர் அந்தனி ஜீவா வீதி நாடகத்தோடு வந்தார்.

கூத்துக் குழுக்களை உடைத்தது தணிக்கை அல்ல, ஒப்பந்தம். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தது. ரதி வேடக்காரர் கூடலூருக்கும் தப்புக்காரர் கோத்தகிரிக்கும் போய்விட்டால் கூத்து எங்கே நடக்கும்? எஞ்சியவர்கள் அடுத்த தோட்டத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் காமனை எரித்தார்கள்.

இன்றும் பல தோட்டங்களில் காமன் எரிகிறான். பாட்டு மட்டும் கூத்து வாத்தியார்மாரின் நினைவிலும் கிழிந்த கொப்பிகளிலும் கிடக்கிறது. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்படி ஒரு கொப்பி இருந்தால், அதைப் பிரதி எடுத்துத் தோட்டப் பாடசாலை நூலகத்தில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.