இனமா, இடமா? குடியிருப்புச் சமத்துவமின்மையும் நகர்ப்புற வன்முறையும்

முன்னுரை

மலேசிய உள்துறை அமைச்சு 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் எனக் கணக்கிடப்பட்ட 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினராக இருந்த ஒரு சமூகம், இப்பட்டியலில் 70 விழுக்காட்டுக்கும் மேலாக இடம்பெற்றிருந்தது. இவ்வெண்களை ஓர் இனத்தின் இயல்பாகக் கொள்வதா, அவ்வினத்தார் வாழ நேர்ந்த இடங்களின் வரலாறாகக் கொள்வதா? ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு சிகாகோ நகரம் இதே வினாவை எதிர்கொண்டது. அங்கு உருவான ஆய்வுமரபின் துணையுடன், கிள்ளான் பள்ளத்தாக்கின் அனுபவத்தை விளங்கிக்கொள்ள இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

சிகாகோ ஆய்வுமரபு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் இளங்குற்றவாளிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குடியேறிகளின் இனத்தைச் சுற்றியே அமைந்தது. கிளிஃபர்டு ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் சிறார் நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்த முகவரிகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தனர். நகர மையத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய வறிய வட்டாரங்களில் குற்ற விகிதம் மிகுந்தும், புறநகர் நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்பட்டது. அவ்வட்டாரங்களில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ் மக்களும் வாழ்ந்தனர். பின்னர் போலந்தியரும் இத்தாலியரும் வந்தனர். குடியிருந்தோர் மாறினர், குற்ற விகிதமோ அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அங்கிருந்து வெளியேறி மேம்பட்ட பகுதிகளில் குடியமர்ந்தோரிடையே குற்றம் குறைந்தது. 1942இல் நூலாக வெளிவந்த இம்முடிவு, குற்றத்தை இனத்தின் குணமாகக் கருதும் எண்ணத்தின் அடித்தளத்தையே அசைத்தது.

ஆயினும், வறுமை மட்டுமே வன்முறையை விளைவிக்கிறதா என்னும் ஐயம் எஞ்சியது. ஜூடித் பிளாவும் பீட்டர் பிளாவும் அமெரிக்காவின் 125 பெருநகர்ப் பகுதிகளை ஆராய்ந்து 1982இல் ஒரு விடையை முன்வைத்தனர். வருமானச் சமத்துவமின்மையைக் கணக்கில் கொண்டால், வறுமைக்கும் வன்குற்றத்திற்கும் இடையே தோன்றும் தொடர்பு மறைந்துவிடுகிறது என்பது அவர்தம் முடிவு. எல்லாரும் ஏழையராய் வாழும் ஊரைக் காட்டிலும், செல்வத்தின் அருகில் ஏழ்மை ஒதுக்கிவைக்கப்பட்ட ஊரிலேயே பகைமை முளைக்கிறது என்பது இதன் உட்பொருள்.

1997இல் ராபர்ட் சாம்ப்சனும் அவர்தம் குழுவினரும் சிகாகோவின் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் பெற்ற தரவுகளை வெளியிட்டனர். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பிப் பொதுநலனுக்காகத் தலையிட முன்வரும் ஆற்றலைக் 'கூட்டுச் செயல்திறன்' எனலாம். அது வலுவாக இருந்த வட்டாரங்களில் வன்முறை குறைவாக இருந்தது. குவிந்த வறுமையும் அடிக்கடி இடம்பெயர்தலும் இவ்வாற்றலைக் குலைக்கின்றன என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

மலேசியத் தமிழரின் இடப்பெயர்வை இவ்வொளியில் நோக்குவோம். தோட்டத்து லயன் வீடு நிருவாகத்திற்கு உரியது. வேலை போயின் வீடும் போகும். நகரங்கள் விரிந்து தோட்ட நிலங்கள் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோது, தொழிலாளர் இரண்டையும் ஒருசேர இழந்தனர். 1995 முதல் புத்ராஜெயா எழுந்த நிலத்திலும் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறியோருள் பலர் புறம்போக்குக் குடியிருப்புகளையும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளையும் சென்றடைந்தனர்.

தோட்ட வாழ்வை நாம் பொற்காலமாகக் காட்டவில்லை. அங்கே கூலி குறைவு, கட்டுப்பாடு மிகுதி. எனினும் கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவை அங்கிருந்தன. பிறர் பிள்ளையையும் தட்டிக்கேட்கும் உரிமை பெரியவர்க்கு இருந்தது. சாம்ப்சன் குறிப்பிடும் ஆற்றல் இதுவே. இடம்பெயர்ந்தோர்க்கு இழப்பீடு கிடைத்தபோதும் இவ்வாற்றலுக்கு எவரும் ஈடு செய்யவில்லை.

2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த வன்முறையில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவருள் ஐவர் இந்தியர். பலர் படுகாயமுற்றனர். வளமிக்க பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய அப்பகுதியில் புறம்போக்கு வீடுகளும் தற்காலிக நீண்ட வீடுகளும் மலிவு விலைக் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடந்தன. இந்நிகழ்வை இனக் கலவரம் என்று மட்டும் சுருக்கினால் ஒன்று விளங்காமற் போகும்: அதே இனத்தார் அருகருகே வாழ்ந்த வசதியான குடியிருப்புகளுக்கு அது பரவவில்லை. அதே வேளையில், இடத்தைச் சுட்டுவதால் இனத்தை மறைத்துவிடவும் கூடாது. உயிரிழந்தோர் எண்ணிக்கையே அதற்குச் சான்று. நெருக்கடி மிக்க இடத்தில் முளைத்த சினம், இனத்தின் வழியே தன் இலக்கைத் தேடிக்கொண்டது எனக் கூறுவதே பொருந்தும்.

முடிவுரை

சிகாகோவின் முடிவுகளை இங்கு அப்படியே பொருத்த இயலாது. அங்கே கறுப்பினத்தவர்க்கு வீடு விற்பதைத் தடுத்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் 1948 வரை நடைமுறைப்படுத்தின. இங்கே நிலச்சந்தையும் மேம்பாட்டுத் திட்டங்களும் மக்களைப் பிரித்தன. மேலும், அதே அடுக்குமாடிகளில் வளரும் இளைஞருள் மிகப் பலர் எக்கும்பலிலும் சேர்வதில்லை. ஆகவே, இடம் தலைவிதியன்று. குற்றம் புரிந்தவர்க்கு அது விலக்குமன்று.

ஆனால் ஆய்வுமுறை ஒன்றை நாம் தயங்காது கைக்கொள்ளலாம். 2013ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து பொதுமக்கள் மனத்தில் பதிந்தது இன விழுக்காடே. இவ்விளைஞரின் குடும்பங்கள் எத்தோட்டத்திலிருந்து வந்தன, எத்தனை முறை வீடு மாறின, இப்போது எக்குடியிருப்பில் வாழ்கின்றன என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. இவற்றுக்கான விடைகளுள் ஒரு பகுதி நம் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் உள்ளது. மாணவர்தம் தனிமறைவைக் காத்து, அவற்றைத் தொகுத்து ஆராயும் பணியை ஆசிரியரும் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து மேற்கொள்ள வேண்டும். அதுவரை, ஓர் இனத்தின் மீது சுமத்தப்பட்ட விழுக்காட்டை அவ்வினத்தின் பிள்ளைகளே தங்களைப் பற்றிய உண்மையென நம்பி வளர்வர்.