குடியை நிறுத்த ஒரு மருந்து, கூடவே ஒரு துணை

எல்எஸ்டி என்ற பெயரைக் கேட்டாலே போதைப் பொருள், கைது, சிறை என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அதே எல்எஸ்டி ஒரு காலத்தில் மனநல மருத்துவமனைகளில் டாக்டர்களே கொடுத்த மருந்து என்றால் நம்புவது கடினம். ஆனால் அதுதான் உண்மை. குடிப்பழக்கத்திலிருந்து மீள முடியாமல் தவித்த நூற்றுக்கணக்கானோருக்குக் கனடாவில் அது கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் போலி வைத்தியர்கள் அல்லர். அரசாங்க ஆதரவோடு ஆய்வு செய்த மனநல மருத்துவர்கள். அந்தச் சிகிச்சை ஏன் தொடங்கியது? ஏன் நின்றது? இப்போது ஏன் மீண்டும் பேசப்படுகிறது?

ஆய்வுக்கூடத்தில் பிறந்தது

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் என்ற மருந்து நிறுவனம் இருந்தது. அங்கு வேலை செய்த வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், ரை என்னும் தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் வழியாக 1938ஆம் ஆண்டு எல்எஸ்டியை உருவாக்கினார். அது மனத்தை என்ன செய்யும் என்பது அவருக்கே 1943 ஏப்ரலில்தான் தெரியவந்தது. ஒரு மில்லிகிராமில் கால் பங்கை உட்கொண்டுவிட்டு, அவர் தடுமாறியபடி சைக்கிளில் வீடு திரும்பிய கதை மருத்துவ வரலாற்றில் பிரபலமானது.

1947 முதல் சாண்டோஸ் நிறுவனம் இதை ‘டெலிசிட்’ என்ற பெயரில் மனநல மருத்துவர்களுக்கு அனுப்பி வைத்தது. உளவியல் சிகிச்சைக்கு உதவியாகப் பயன்படுத்தலாம் என்றது. மனநோயாளியின் அனுபவம் எப்படியிருக்கும் என்பதை அறிய மருத்துவர்கள் தாங்களே சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னது.

கனடா சமவெளியில் ஒரு முயற்சி

கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் அப்போது டாமி டக்ளஸ் தலைமையில் சோஷலிஸ்ட் அரசாங்கம் ஆட்சியில் இருந்தது. மருத்துவத்தில் புதிய முயற்சிகளுக்கு அங்கு வரவேற்பு இருந்தது. 1951இல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அம்மாநிலத்தின் வேபர்ன் மனநல மருத்துவமனையில் பணியேற்றார். மாநிலத்தின் மனநல ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஏப்ரம் ஹாஃபரும் அவரும் இணைந்து வேலை செய்தார்கள்.

கடுங்குடிகாரர்கள் திடீரென்று குடியை விடும்போது கைகால் நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்தான நிலை ஒன்று வருவதுண்டு. அந்தப் பயங்கரத்தை அனுபவித்த சிலர் அதன் பிறகு குடிப்பதே இல்லை என்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அந்த நிலையைப் பாதுகாப்பான முறையில் எல்எஸ்டி மூலம் வரவழைத்தால் என்ன? இதுதான் அவர்களின் தொடக்க எண்ணம். நோயாளியைப் பயமுறுத்தித் திருத்துவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1953இல் முதலில் இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் உடனே குடியை விட்டார். மற்றவர் சில மாதங்கள் கழித்து விட்டார்.

ஆனால் நோயாளிகள் சொன்னது வேறு. பயந்து விட்டோம் என்று பலர் சொல்லவில்லை. தங்கள் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தோம், குடும்பத்துக்குச் செய்த கொடுமை விளங்கியது, இன்னும் திருந்த வழி இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தது என்றார்கள். மருத்துவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அமைதியான அறை, மெல்லிய இசை, நாள் முழுவதும் பக்கத்தில் ஒரு துணை, பிறகு பேசித் தெளிவு பெற நேரம் என்று சிகிச்சை உருமாறியது. சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நீண்ட நாள் குடிக்காமல் இருந்தார்கள் என்று அவர்கள் அறிவித்தார்கள்.

இந்தத் துணையின் அருமையை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் கே பார்லி. அதே வேபர்ன் மருத்துவமனையில் நோயாளியாக இருந்து, குணமடைந்து, பிறகு அங்கேயே மனநலத் தாதியாகப் பணியாற்றியவர் அவர். எல்எஸ்டி கொடுக்கப்படும் நாளில் நோயாளிக்கு எப்படித் துணை நிற்பது என்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1964இல் அமெரிக்கத் தாதியர் இதழில் வெளிவந்தது.

‘சைகெடெலிக்’ என்ற சொல்லும் இவர்கள் வட்டத்தில்தான் பிறந்தது. ‘மனத்தை வெளிப்படுத்துவது’ என்ற பொருளில், கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆஸ்மண்ட் அதை உருவாக்கி, 1957இல் அறிஞர்கள் முன் வைத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பில் வில்சன்கூட 1956இல் மருத்துவ மேற்பார்வையில் எல்எஸ்டியை உட்கொண்டு, குடிநோயாளிகளுக்கு இது உதவக்கூடும் என்று கருதினார்.

நம்பிக்கை குலைந்த விதம்

மற்ற ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. மருந்தின் சக்தி எவ்வளவு, மருத்துவரின் அன்பும் அறையின் அமைதியும் செய்த வேலை எவ்வளவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். டொரொண்டோவில் ஓர் ஆய்வுக்குழு எல்எஸ்டியை வேறொரு மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தது. அங்கே நோயாளிகள் படுக்கையில் வார்கொண்டு கட்டப்பட்டிருந்தார்கள். எல்எஸ்டி பெற்றவர்களுக்குத் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. ‘சூழலை எடுத்துவிட்டால் சிகிச்சையே போய்விடும்’ என்பது ஹாஃபர் தரப்பின் வாதம். ‘சூழல்தான் வேலை செய்கிறதென்றால் மருந்து எதற்கு?’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

இதைவிடப் பெரிய கேடு வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, 1953இல் தொடங்கிய ரகசியத் திட்டமொன்றில், சம்மதம் கேட்காமலே பலருக்கு எல்எஸ்டியைக் கொடுத்துச் சோதித்தது. தெரியாமல் எல்எஸ்டி கொடுக்கப்பட்ட ஃபிராங்க் ஓல்சன் என்ற விஞ்ஞானி, சில நாள்கள் கழித்து நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். இதெல்லாம் 1970களில்தான் அம்பலமானது. சஸ்காட்செவனில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த அதே மருந்து, இங்கே மனிதனை உடைத்துப் பார்க்கும் கருவியாயிற்று.

1960களில் மருந்து வீதிக்கு வந்தது. இளைஞர்கள் கேளிக்கைக்காக விழுங்கினார்கள். சிலர் மனம் பேதலித்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 1965இல் சாண்டோஸ் விநியோகத்தை நிறுத்தியது. 1970இல் அமெரிக்கா இதை மருத்துவப் பயன் இல்லாத போதைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 1971இல் ஐக்கிய நாட்டு ஒப்பந்தமும் வந்தது. அதன் பின்னர் ஆய்வுகள் பெரும்பாலும் முடங்கிப் போயின.

மீண்டும் திறந்த கதவு

பல ஆண்டு மௌனத்துக்குப் பின் ஆய்வுகள் மெல்ல மீண்டன. 2012இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் இருவர், பழைய ஆறு ஆய்வுகளில் பங்கேற்ற 536 பேரின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்எஸ்டி பெற்ற குடிநோயாளிகளில் 59 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம் இருந்தது. மற்றவர்களில் அது 38 விழுக்காடு. ஆனால் ஓராண்டு நெருங்கும்போது அந்த வேறுபாடு மங்கிப் போனது. சைலோசிபின் என்பது சிலவகைக் காளான்களில் உள்ள பொருள். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உளவியல் சிகிச்சையோடு அதைப் பெற்ற குடிநோயாளிகள் அளவுமீறிக் குடித்த நாள்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. வேறு மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 24 விழுக்காடு.

2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியா, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் சைலோசிபினையும் எம்டிஎம்ஏயையும் குறிப்பிட்ட நோய்களுக்குப் பயன்படுத்த வழிவிட்டது. ஆனால் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு அங்கீகாரம் தர மறுத்தது. தாம் பெற்றது மருந்தா இல்லையா என்பதை நோயாளிகளே கண்டுபிடித்து விடுவதால் முடிவுகளை நம்புவது கடினம் என்பது பெரிய குறையாகப் பேசப்பட்டது. முன்னதாக நடந்த சோதனையொன்றில் சிகிச்சையாளர் நோயாளியிடம் வரம்பு மீறி நடந்துகொண்டதும் வெளிவந்திருந்தது. மனம் திறந்து கிடக்கும் வேளையில் மனிதன் எவ்வளவு பலவீனமானவன் என்பதை இது காட்டியது.

வரலாறு சொல்லும் பாடம்

டொரொண்டோவில் மருந்து இருந்தது, துணை இல்லை, பலன் தெரியவில்லை. சிஐஏயிடம் மருந்து இருந்தது, சம்மதமே இல்லை, உயிர் போனது. வீதியில் மருந்து இருந்தது, மேற்பார்வை இல்லை. சிலருக்கு மனம் பேதலித்தது. வேபர்னில் பயன் கிடைத்ததாகச் சொல்லப்பட்டபோது, மருந்தோடு ஒரு மனிதர் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவை தடை செய்யப்பட்ட பொருள்கள்; வைத்திருப்பதே கடும் குற்றம். தாமாகச் சோதித்துப் பார்ப்பது சட்டத்துக்கும் உடலுக்கும் ஆபத்து. குறிப்பாகக் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை இந்த ஆய்வுகளிலேயே சேர்ப்பதில்லை. விஞ்ஞானம் இன்னும் இறுதித் தீர்ப்பு வழங்கவில்லை. அதுவரை பொறுப்பதே அறிவுடைமை.

ஆனால் இந்த வரலாற்றின் பாதியைப் பயன்படுத்த எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை. குடியால் சீரழிந்த ஒருவரைப் பயமுறுத்தித் திருத்தலாம் என்று தொடங்கிய மருத்துவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்பதுதான் வழி என்று கற்றுக்கொண்டார்கள். அதை ஒவ்வொரு வீடும் இன்றே செய்து பார்க்கலாம்.