அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை பாரிமுனையை ஒட்டிய ஆர்மேனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். பெயரைக் கண்டதும் அரண்மனை தேடப் புறப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த அரண்மனை? ஆற்காட்டு நவாபின் மாளிகை 1768இல் சேப்பாக்கத்தில் எழுந்தது. இந்தத் தெருவில் இருப்பது 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயமும் அதன் முற்றத்துக் கல்லறைகளும்.

பேச்சில் அரண்மனை ‘அரமனை’தான். ‘ஆர்மேனி’ என்ற அயல் ஒலி காதில் விழ, நாக்கு தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரன், சீமைக்காரன் என்பவற்றின் ‘காரன்’ பின்னால் சேர்ந்தது. எழுத வந்தவர்கள் அரமனையைத் திருத்தினார்கள், மாளிகை முளைத்தது.

ஓசையை மட்டும் நம்பினால் எதுவும் முளைக்கும். ஆர்மேனிய வணிகர் பெட்ரோஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் கட்டிய பாலம் ‘மர்மலாங்’ பாலம், மாம்பலத்தின் திரிபு. இன்று அங்கே நிற்பது மறைமலையடிகள் பாலம். மர்மலாங்கே மறைமலையின் திரிபு என்று நாளை ஒருவர் நிறுவலாம்! பெரும்பாணாற்றுப்படையின் கச்சி காஞ்சிபுரம். அதற்காக இலங்கையின் வடக்கிலுள்ள வட்டக்கச்சியையும் இயக்கச்சியையும் தொண்டைநாட்டில் கொண்டுபோய்க் கட்டினால், அங்கே இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மாளிகைக் கதை மறைப்பது சில்லறை ஆட்களை அல்ல. இல்லாத ஆர்மேனிய நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிய ஷாஹாமிர் ஷாஹாமிரியனின் நூல் அச்சேறியது சென்னையில். தலைப்புப் பக்கத்தில் 1773. உலகின் முதல் ஆர்மேனிய இதழ் ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்ததும் இங்கேதான்.

ஒட்டோமான் பேரரசில் இருந்த அவர்களுடைய ஆர்மேனிய உறவினருக்குக் கிடைத்தது வேறு காகிதம். 1878 பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவு சீர்திருத்தம் தருவதாகச் சொன்னது. வல்லரசுகள் மேற்பார்வை பார்க்கும் என்றும் சொன்னது. தூது போய்த் திரும்பிய மதகுரு ஹ்ரிமியான், மற்றவர்கள் இரும்பு அகப்பையால் அள்ளினார்கள், தன் கையில் இருந்ததோ காகித அகப்பை என்று பிரசங்கித்தார். 1894–96இல் படுகொலைகள், 1915இல் சிரியப் பாலைக்கு நாடுகடத்தல், பேரழிவு. 1944இல் இத்தகைய அழிவுகளுக்குப் பெயராகச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் ஆக்கிய ‘ஜெனோசைட்’ என்ற சொல்லையே இலங்கையின் வன்னியில் இனப்படுகொலை என்றும் இனவழிப்பு என்றும் சொல்கிறார்கள். பண்பாட்டையும் நிறுவனங்களையும் சிதைப்பதையும் லெம்கின் உள்ளடக்கியதால், இரண்டாவதே பொருந்தும்.

தெருவுக்கு வருவோம். ஜார்ஜ் டவுனிலேயே பவளக்காரத் தெரு இருக்கிறது. பவளம் விற்ற யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு. குடியிருந்தவர்களை வைத்தே அந்தப் பக்கம் தெருவுக்குப் பெயர் வந்தது. அரண்மனைக்காரன் ஆர்மேனிக்காரனே, வேறு வழி இல்லை.