ரசீது இல்லாத எரிபொருள்

மோட்டார் படகு ஓட்டுபவர்கள் எரிபொருள் மீட்டரை முழுசாக நம்புவதில்லை. அலையில் டேங்க் ஆடினால் உள்ளே இருக்கும் மிதவையும் ஆடும்; முள் பொய் சொல்லும். அதனால்தான் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்று கணக்கு வைக்கிறார்கள். இந்தச் சந்தேகப் புத்தி ஒரு விமானத்தில் பாதியில் நின்றுபோன கதை இது.

2005 ஆகஸ்ட் 5. துனிசியாவின் டுனின்டர் நிறுவனத்து ஏடிஆர் 72 விமானத்தில் பழுதான எரிபொருள் மீட்டரை மாற்றினார்கள். மாட்டியதோ சிறிய ஏடிஆர் 42-க்கான மீட்டர். பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மறுநாள், மீட்டர் காட்டும் அளவுக்கு எரிபொருள் நிரப்பியதற்கு ரசீது இல்லையே என்று விமானி கவனித்தார். தேடியும் ரசீது கிடைக்கவில்லை. ஆனாலும் விமானம் கிளம்பியது.

இத்தாலியின் பாரி நகரிலிருந்து ஜெர்பா போகும் வழியில் இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. மீட்டரில் மட்டும் அப்போதும் எரிபொருள் இருந்தது! சிசிலி அருகே கடலில் இறங்கியபோது, 39 பேரில் 16 பேர் இறந்தார்கள்.

வவுச்சர் இல்லாமல் பதிவு கிடையாது என்பது எங்கள் காமர்ஸ் வகுப்பின் ஆரம்பப் பாடம். மார்க்குக்காக மனப்பாடம் செய்த வரி. இப்போதுதான் அதன் கனம் புரிகிறது.