சிறு விமானத்தில் அயல்நாடு: முதல் பயணத்துக்கு முந்தைய மேசை வேலை

1909 ஜூலை 25 அதிகாலை, பிரான்சின் கலே நகருக்கு அருகிலிருந்து கிளம்பிய லூயி பிளேரியோ, அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவர் கோட்டைக்குப் பக்கத்துப் புல்வெளியில் இறங்கினார். அவரிடம் திசைகாட்டி இல்லை, கடவுச்சீட்டை யாரும் கேட்கவுமில்லை. ஆனால் சுங்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள். விமானத்துக்கென்று அவர்களிடம் படிவம் கிடையாது. கப்பலுக்கு உரியதையே எடுத்து நிரப்பினார்கள். பிளேரியோ கப்பலின் தலைவர், கப்பலின் பெயர் மோனோபிளேன், புறப்பட்ட துறைமுகம் கலே, வழியில் தொற்றுநோய் எதுவும் இல்லை என்று அதில் பதிவானது. தனியொருவர் சிறு விமானத்தில் அயல்நாடு போகும் வழக்கம் பிறந்த நாளிலேயே அதற்கான காகித வேலையும் பிறந்துவிட்டது.

வானம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அப்போது பதில் இல்லை. கடலைப் போல அதுவும் எல்லோருக்கும் பொது என்று சட்ட அறிஞர் சிலர் வாதிட்டார்கள். தரைக்கு உரிய அரசுக்கே அதன் மேலுள்ள வானமும் உரியது என்றார்கள் வேறு சிலர். 1910இல் பாரிஸில் கூடிய மாநாடு முடிவு காணாமல் கலைந்தது. பிரிட்டன் 1911இலும் 1913இலும் சட்டம் இயற்றி, சில பகுதிகளின் மேல் பறப்பதைத் தடைசெய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த உலகப்போர் வாதத்தை முடித்து வைத்தது. வானிலிருந்து குண்டு விழுவதைப் பார்த்துவிட்ட எந்த அரசும் தன் தலைக்கு மேலுள்ள வெளியைப் பொதுச்சொத்தாக விட்டுவைக்கத் தயாராக இல்லை.

1919 அக்டோபர் 13 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளியின் மேல் முழு இறைமை உண்டு என்பது. சமாதான காலத்தில் ஒருவர் விமானத்தை மற்றவர் தீங்கின்றிக் கடந்துபோக விடுவது என்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் நிபந்தனைகளும் கூடவே வந்தன. விமானத்துக்குப் பதிவுச் சான்று, வான்தகுதிச் சான்று, விமானிக்கு உரிமம், பயணக் குறிப்பேடு ஆகியவை வேண்டும். இறக்கையிலும் உடலிலும் நாட்டைக் காட்டும் எழுத்து வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர் சுங்கம் உள்ள விமான நிலையத்தில்தான் முதலில் இறங்க வேண்டும். இன்று அயல்நாடு பறக்க நினைக்கும் தனி விமானி தயார் செய்யும் கோப்பின் பெரும்பகுதி அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அப்போது அந்த விதிகளுக்கு உட்பட வேண்டிய தனி விமானிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அந்த நிலையை மாற்றியது 1925 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாத். மரச்சட்டமும் துணியுமாக, இரண்டு பேர் உட்காரும் இரட்டையடுக்கு இறக்கை விமானம். இறக்கையை மடித்து ஒரு கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். பெரும் செல்வந்தராக இல்லாதவரும் விமானம் வாங்கலாம், வாங்க முடியாதவர் பறப்புக் கழகத்தில் வாடகைக்கு எடுக்கலாம் என்றாயிற்று. 1926 நவம்பரில் நெவில் ஸ்டாக், பெர்னார்ட் லீட் என்ற இருவர் ஆளுக்கொரு மாத்தில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1927 ஜனவரியில் இந்தியா வந்து சேர்ந்தார்கள். இலகு விமானம் ஒன்று அவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் முறை. 1928 முதல் டெல்லி, பம்பாய் போன்ற இடங்களில் பறப்புக் கழகங்கள் தோன்றின. சென்னைக் கழகம் 1930இல் வந்தது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே அந்நாளில் பயணத் திட்டம் போடுவது என்றால் முதலில் எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று பார்ப்பது. சாதாரண மாத் ஒரே மூச்சில் சுமார் 500 கிலோமீட்டர் போகும். கூடுதல் டாங்க் பொருத்தினால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. எனவே பாதையை வரைந்தது வரைபடத்துக்கு முன்னால் எண்ணெய் நிறுவனங்களின் முகவர் பட்டியல்தான். எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை டின் வேண்டும் என்று முன்கூட்டியே கடிதமும் தந்தியும் அனுப்பி வைப்பார்கள். அம்மானுக்கும் பாக்தாதுக்கும் இடைப்பட்ட பாலைவனத்தில் அடையாளம் என்று எதுவும் இல்லாததால், 1921இல் பிரிட்டிஷ் விமானப்படை தரையில் ஏர் ஓட்டி நெடுந்தூரத்துக்குச் சால் கீறி வைத்திருந்தது. விமானி அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தபடியே பறப்பார். வழியில் இருந்த அவசர இறங்குதளங்களுக்குப் பெயர்கூட இல்லை, ஆங்கில எழுத்துகளும் எண்களும்தான்.

பாரசீகம் வேறு வகைச் சிக்கல். இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனமே அந்நாட்டு அரசோடு நீண்ட பேச்சு நடத்தித்தான் 1929இல் அதன் தென்கடற்கரை வழியே கராச்சிக்கு வர முடிந்தது. அந்த இசைவும் நிலைக்கவில்லை. 1932இல் பாதை வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறி, ஷார்ஜாவில் தங்குமிடம் கட்டப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கே இதுதான் நிலை என்றால், தனி ஆள் லண்டனில் இருந்தபடி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இந்த முன்னேற்பாடுகளின் முழு வடிவத்தை 1930ஆம் ஆண்டில் பார்க்கலாம். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே எந்தத் திசையிலாவது தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். மூவர் முயன்றார்கள். மன்மோகன் சிங் பலமுறை திசை தவறி, கடைசியில் கராச்சியை அடைந்தபோது கெடு கடந்திருந்தது. 17 வயது ஆஸ்பி எஞ்சினியர், அந்த மார்ச்சில்தான் ஆர். என். சாவ்லாவோடு கராச்சியிலிருந்து இங்கிலாந்து வரை பறந்து வழியை அறிந்திருந்தார். ஏப்ரல் இறுதியில் அங்கிருந்து தனியே திரும்பக் கிளம்பினார். ஓராண்டுக்கு முன் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா மே 3 அன்று கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டார். எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே அபூகீர் விமானதளத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பிக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது, மாற்று பிளக் கையில் இல்லை. ஜே. ஆர். டி. தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி தன் மிதவைச் சட்டையைக் கழற்றி அவரிடம் தந்தார். மே 11 அன்று கராச்சியில் இறங்கிய ஆஸ்பிக்கே பரிசு கிடைத்தது. பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். ஜே. ஆர். டி.யின் பெருந்தன்மை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆயினும் நான்கு பிளக் எடுத்துவைப்பதா வேண்டாமா என்ற சிறு முடிவில் ஒரு கண்டம் தாண்டும் பயணமே தொங்கியது என்பதும் அந்தச் சந்திப்பில் கவனிக்க வேண்டியது.

அதே மே மாதம் 5ஆம் தேதி ஏமி ஜான்சன் லண்டன் அருகே குரோய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். வயது 26. பறந்த அனுபவம் நூறு மணி நேரம்கூட இல்லை, கடலைக் கடந்து பறந்ததும் இல்லை. ஆனால் எஞ்சினைப் பிரித்து மாட்டும் தரைப் பொறியாளர் உரிமம் அவரிடம் இருந்தது. அந்தப் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான தகுதி வேறில்லை. அவருடைய விமானமான ஜேசன் பழைய மாத். அதன் விலையில் பாதியை அவருடைய தந்தையும், மறுபாதியைக் காஸ்ட்ரால் எண்ணெய் நிறுவனத்தின் வேக்ஃபீல்டு பிரபுவும் கொடுத்தார்கள். வழியெங்கும் பெட்ரோலுக்கும் பிரபுவே ஏற்பாடு செய்தார். கூடுதல் டாங்கிலிருந்து மேல் டாங்குக்குப் பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து ஏற்ற வேண்டும். அடிக்கும்போது வரும் நெடி குமட்டும். மாற்று புரொப்பல்லர் ஒன்றை விமானத்தின் உடலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

அந்த மாற்று புரொப்பல்லர் பயன்பட்டது. ஜான்சியில் படை அணிவகுப்புத் திடலில் இறங்கியபோது இறக்கை சேதமாகி, உள்ளூர்த் தச்சர் கைகொடுத்தார். ரங்கூனுக்கு அருகே இன்செயினில் விமானம் பள்ளத்தில் பாய்ந்து புரொப்பல்லர் உடைந்தது, இறக்கையும் கிழிந்தது. அங்கிருந்த தொழில்நுட்பப் பள்ளியினர் செப்பனிட்டார்கள். விமானத்துக்கான துணி கிடைக்கவில்லை. உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் ஊரில் இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். மே 24 அன்று ஜேசன் டார்வினில் இறங்கியது.

சுங்கமும் பணத்தைக் கேட்டது. வெளிநாட்டு விமானம் நாட்டுக்குள் வருவது இறக்குமதிக்குச் சமம், அதனால் தீர்வை கட்ட வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புபவர் ஒவ்வொரு நாட்டிலும் விமானத்தின் மதிப்புக்கேற்ப முன்பணம் கட்டித் திரும்பப் பெறுவது நடவாத காரியம். மோட்டார் காருக்கு ஏற்கெனவே இருந்த கார்னெ புத்தகம் விமானத்துக்கும் வந்தது. விமானக் கழகம் பொறுப்பேற்று அதை வழங்கும். நுழையும்போது ஒரு சீட்டைக் கிழித்து முத்திரை, வெளியேறும்போது இன்னொரு முத்திரை. வெளியேறிய முத்திரை விடுபட்டால் விமானம் அங்கேயே விற்கப்பட்டதாகக் கணக்கு, தீர்வை கழகத்தின் தலையில் விழும். கழகம் அதை விமானியிடம் வசூலிக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்த கதையும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே. கொழும்புக்கு அருகே ரத்மலானையில் இலங்கையின் விமான நிலையம் அமைந்தபோது, 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதலில் இறங்கியது ஒரு புஸ் மாத். ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ. டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் கொழும்பை எட்டியது அதற்குப் பின் 1938இல்தான்.

1930களின் தனி விமானிகளுக்கு ஒரு சலுகை இருந்தது. அவர்கள் பாதையில் பெரும்பகுதி ஒரே பேரரசின் கையில் இருந்தது. கராச்சியிலிருந்து ரங்கூன் வரை ஒரே நிர்வாகம், ஒரே விதி. 1937இல் பர்மா தனி நிர்வாகமானது, 1947இல் பாகிஸ்தான் பிறந்தது, 1948இல் இலங்கையும் பர்மாவும் விடுதலை பெற்றன. விடுதலை பெற்ற மக்களுக்கு அது உரிமை. விமானியின் கோப்பில் மட்டும் ஒவ்வொரு புதிய எல்லைக்கும் ஒரு விண்ணப்பம் கூடியது. 1930இல் சாவ்லா பறந்த வழியில் இன்று ஒருவர் பறக்க வேண்டுமானால் கேட்க வேண்டிய அனுமதிகள் அன்றைவிட அதிகம்.

புதிய எல்லைகள் அனைத்துக்குமான விதியை 1944 டிசம்பர் 7 அன்று 52 நாடுகள் கையெழுத்திட்ட சிகாகோ உடன்படிக்கை வகுத்தது. அதன் 5ஆம் பிரிவு, கால அட்டவணைப்படி இயங்காத விமானங்கள் முன் அனுமதியின்றியே பிற நாட்டின் மேல் பறக்கலாம், எரிபொருள் போன்ற தேவைக்கு இறங்கலாம் என்கிறது. படிக்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறங்கச் சொல்லும் உரிமையையும், பாதுகாப்புக் கருதிக் குறித்த வழியில் மட்டும் போகச் சொல்லும் உரிமையையும் அரசுகள் தம்மிடமே வைத்துக்கொண்டன. இந்தியா உட்படப் பல நாடுகள் முன் அனுமதி கேட்கவே செய்கின்றன. 29ஆம் பிரிவு விமானத்தில் இருக்க வேண்டிய ஆவணங்களைச் சொல்கிறது. பதிவுச் சான்று, வான்தகுதிச் சான்று, விமானி உரிமம், குறிப்பேடு ஆகியவற்றோடு வானொலிக் கருவிக்கான உரிமமும், பயணிகள் இருந்தால் அவர்கள் ஏறும் இறங்கும் இடங்களோடு பெயர்ப்பட்டியலும், சரக்கு இருந்தால் அதன் விவரமும் அதில் உண்டு. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு தந்த, அல்லது செல்லும் என்று ஏற்றுக்கொண்ட உரிமம்தான் விமானியிடம் இருக்க வேண்டும். நண்பரின் வெளிநாட்டு விமானத்தை வாங்கி ஓட்ட நினைப்பவர்கள் இன்றும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

புதிய முறையில் போடப்பட்ட திட்டங்களில் மிகவும் நேர்த்தியானது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜெரி மாக்குடையது. மூன்று குழந்தைகளின் தாய், இல்லத்தரசி, சுமார் 750 மணி நேரப் பறப்பு அனுபவம். 1953இல் தயாரான செஸ்னா 180ஐ எடுத்து, பயணி இருக்கைகள் இருந்த இடத்தில் பெட்ரோல் டாங்குகளை நிறைத்தார். நாடு நாடாகத் தூதரகங்களுக்கு எழுதி அனுமதி பெற்றார். 1964 மார்ச் 19 அன்று கிளம்பி, பெர்முடா, அசோர்ஸ், வட ஆப்பிரிக்கா, கராச்சி, டெல்லி, கல்கத்தா, பாங்காக், மணிலா என்று போய், பசிபிக்கைத் தாண்டி 29 நாளில் உலகைச் சுற்றித் திரும்பினார். தனியாக அதைச் செய்த முதல் பெண் அவர். அத்தனை ஆயத்தத்துக்குப் பின்னும் கெய்ரோ என்று நினைத்து அவர் இறங்கியது இன்ஷாஸ் என்ற ராணுவ விமானதளத்தில். விசாரித்துவிட்டு அனுப்பி வைத்தார்கள். அனுமதிக் கடிதங்கள் கையில் இருந்தால் தவறு தவறாகவே முடியும், குற்றமாக மாறாது.

மாறிப்போன ஒரு பறப்பும் உண்டு. 1987 மே 28 அன்று மேற்கு ஜெர்மனியின் 18 வயது மத்தியாஸ் ரஸ்ட் ஹெல்சிங்கியிலிருந்து ஸ்டாக்ஹோம் போவதாகப் பறப்புத் திட்டம் கொடுத்துவிட்டு, செஸ்னா 172ஐத் திருப்பி மாஸ்கோவில் செஞ்சதுக்கத்தின் அருகே கொண்டுபோய் இறக்கினார். தொடர்பு அறுந்ததும் விமானம் கடலில் விழுந்திருக்கும் என்று பின்லாந்து மீட்புக் குழுக்கள் தேடத் தொடங்கின. பறப்புத் திட்டம் என்பது வந்து சேராதவரைத் தேடி மீட்கப் பிறர் கையில் இருக்கும் முக்கியத் துப்பு. அதில் பொய் எழுதினால் தேடிப் போகிறவர்களின் உயிரும் ஆபத்தில் சிக்கும்.

அண்மைக் காலத்தில் சேர்ந்தவற்றில் மொழித் தேர்வு முக்கியமானது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கட்டளை புரியாமல் போனது பற்றிய கவலை அதன் பின் வலுத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2008 மார்ச் முதல் அயல்நாடு பறக்கும் விமானிகளுக்கு வானொலியில் பேசும் மொழியில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. தனி விமானிக்கும் அது பொருந்தும். 2009 முதல் அமெரிக்கா, உள்ளே வரும், வெளியே போகும் தனி விமானங்களின் பயணிகள் விவரத்தை முன்கூட்டியே இணையம் வழியே கேட்கிறது.

எரிபொருள் கேள்வி மட்டும் 1930இல் இருந்தபடியே நீடிக்கிறது. பெரிய விமான நிலையங்களில் ஜெட் எரிபொருள் தாராளமாகக் கிடைக்கும், பிஸ்டன் எஞ்சினுக்கான ஏவ்காஸ் பல இடங்களில் கிடைக்காது. இந்தியா நெடுங்காலம் அதை இறக்குமதி செய்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில்தான் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான ஏவ்காஸை வெளியிட்டது. கார் பெட்ரோலிலும் ஓடும் ரோடக்ஸ் எஞ்சின்கள் வந்தபின் மிக இலகுவான விமானங்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2019 மே மாதம் மும்பையின் ஆரோஹி பண்டிட் அத்தகைய எஞ்சின் பொருத்திய சைனஸ் விமானத்தில் ஸ்காட்லாந்தின் விக் நகரிலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் இகாலுவிட் போய்ச் சேர்ந்தார். இலகு விளையாட்டு விமான வகையில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண் அவர். அவருடைய பாதையும் பெட்ரோலுக்காக ஒவ்வொரு தீவிலும் நின்று நின்றுதான் போனது.