பாலியல் வன்முறை எதிர்ப்பு இயக்கம், மலேசியா

பாலியல் வன்முறையை ஒழிக்கவும் பாதிக்கப்பட்டோருக்குத் துணைநிற்கவும் மலேசியாவில் 1980களில் உருவான மக்கள் இயக்கம். 1982இல் மகளிர் உதவி அமைப்பு, அடியுதைக்குத் தப்பி வந்த பெண்களுக்குப் புகலிடம் திறந்தது. 1985 மார்ச்சில் அவ்வமைப்பும் பெண் வழக்கறிஞர் சங்கமும் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கமும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவும் சிலாங்கூர் பயனீட்டாளர் சங்கமும் சேர்ந்து கூட்டு நடவடிக்கைக் குழுவை அமைத்தன. தொழிற்சங்கப் பெண்களும் தொடக்கம் முதல் அதில் இருந்தனர்.

1987இல் கோலாலம்பூரில் ஒன்பது வயதுச் சிறுமி வன்புணர்ந்து கொல்லப்பட்டாள். அந்தக் கொடுமைக்குப் பின், கடுஞ்சட்டம் கேட்டு வன்புணர்வு எதிர்ப்புக் கூட்டணி எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஓப்பராசி லாலாங் எனும் அரசின் கைது நடவடிக்கை வந்தது. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் செசிலியா இங், ஐரின் சேவியர் ஆகியோரும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். ஆயினும் போராட்டம் ஓயவில்லை. அதன் வெற்றியே 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். வன்புணர்வுக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சிறுமியின் சம்மதம் செல்லாத வயது வரம்பு 14இலிருந்து 16 ஆயிற்று. பாதிக்கப்பட்டவளின் பழைய உறவுகளை நீதிமன்றத்தில் கிளறும் குறுக்கு விசாரணைக்கும் கடிவாளம் விழுந்தது. மனைவி மீதான வன்புணர்வை மட்டும் சட்டம் அன்றும் விலக்கியே வைத்தது. இந்த அநீதி இன்னும் தீரவில்லை.

1990களில் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஒருங்கிணைந்த நெருக்கடி மையங்கள் வந்தன. பாதிக்கப்பட்டவர் ஒரே அறையில் இருப்பார். மருத்துவர், போலீஸ், ஆலோசகர் ஆகியோர் அவரைத் தேடி வருவார்கள். நடந்ததை மேசைக்கு மேசை திரும்பத் திரும்பச் சொல்லும் வதையைக் குறைத்த ஏற்பாடு இது.

குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளையும் பாலியல் அத்துமீறல்களையும் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் 1995இல் வெளிக்கொணர்ந்தார். அதற்காக வழக்கு அவர்மீதே பாய்ந்தது. 2003இல் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2008இல் விடுதலையானார். 

சிறார் பாலியல் குற்றச் சட்டம் 2017இலும் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2022இலும் நிறைவேறின. அரசின் 15999 தாலியான் காசே உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.